முகவரியில் ‘பப்ளிக்’ தெரிகிறதா? அழிப்பதற்கு முன் ஒரு நிமிடம்

“சார், வெப்சைட் அட்ரஸ்ல அந்த பப்ளிக், இன்டெக்ஸ் எல்லாம் வருதே, அதை மட்டும் எடுத்துக் கொடுத்துடுங்க. விசிட்டிங் கார்டு அடிக்கணும்.”

புடவைக்கடை வைத்திருக்கும் ஒரு வாடிக்கையாளர் இப்படித்தான் ஆரம்பித்தார். அவருடைய தளத்தை வேறொருவர் செய்து கொடுத்திருந்தார், பராமரிப்பு மட்டும் எங்களிடம் வந்திருந்தது. கோட்இக்னைட்டர் 4 என்ற பிஎச்பி ஃபிரேம்வொர்க்கில், அதாவது தளம் கட்ட உதவும் ஆயத்தச் சட்டகத்தில், எழுதியது. கடையின் டொமைனுக்குப் பின்னால் ‘/பப்ளிக்/இன்டெக்ஸ்.பிஎச்பி/புடவைகள்/பட்டு’ என்று நீண்டுகொண்டு போனது முகவரி. ‘/புடவைகள்/பட்டு’ என்று இருந்தால் போதும் என்றார். நியாயமான ஆசைதான்.

எங்களோடு வேலை பார்க்கும் தம்பி ஒருவர் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டார். இணையத்தில் ஆயிரம் இடங்களில் கிடைக்கும் வழிதான் அது. பப்ளிக் ஃபோல்டருக்குள் இருக்கும் இன்டெக்ஸ்.பிஎச்பியையும், வெப் சர்வருக்கான விதிகளை எழுதி வைக்கும் டாட் எச்டிஅக்சஸ் கோப்பையும் ஒரு படி மேலே, புராஜெக்டின் தலைவாசலுக்கே நகல் எடுத்து வைப்பது. இன்டெக்ஸ்.பிஎச்பிக்குள் இருக்கும் பாதையில் இரண்டு புள்ளியை ஒன்றாக்குவது. கான்ஃபிக் கோப்பில் இன்டெக்ஸ்பேஜ் என்ற மதிப்பைக் காலியாக்குவது. அவ்வளவுதான், முகவரி பளிச்சென்று ஆகிவிட்டது. தம்பிக்குச் சந்தோஷம், கடைக்காரருக்கும் சந்தோஷம்.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தத் தளம் கைக்கு வந்தாலும் முகவரிக்குப் பின்னால் ‘/.என்வ்’ என்பதை ஆங்கிலத்தில் தட்டிப் பார்ப்பேன். டாட் என்வ் என்பது பாஸ்வேர்டு போன்ற ரகசியங்களை எழுதி வைக்கும் கோப்பு, வெளியே தெரியவே கூடாது. உண்மையில் தளம் கைக்கு வந்த அன்றே பார்த்திருக்க வேண்டும், பார்க்கவில்லை. அன்று தட்டியதும் திரையில் டேட்டாபேஸ் பெயர், பாஸ்வேர்டு, மெயில் அனுப்பும் கணக்கின் பாஸ்வேர்டு, பேமென்ட் கேட்வேயின் ரகசியச் சாவி என்று எல்லாமே வரிசையாக வந்து நின்றன.

தம்பி முகம் வெளுத்துப்போனார். ஆனால் இதில் அவர் மேல் பெரிய தப்பு இல்லை. அந்தக் கதவு அன்றைக்குத் திறந்ததல்ல. முகவரியில் ‘பப்ளிக்’ என்ற சொல் முதன்முதலாகத் தெரிந்த நாளிலிருந்தே அது திறந்துதான் கிடந்தது.

இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கோட்இக்னைட்டர் 4, லாரவெல் போன்ற ஃபிரேம்வொர்க்குகள் புராஜெக்டை இரண்டாகப் பிரித்து வைத்திருக்கின்றன. படங்கள், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட், ஒரே ஒரு இன்டெக்ஸ்.பிஎச்பி ஆகியவை பப்ளிக் ஃபோல்டரில் இருக்கும். நிரல், கான்ஃபிக், லாக், டாட் என்வ் எல்லாம் அதற்கு வெளியே. வெப் சர்வரின் டாகுமென்ட் ரூட், அதாவது டொமைன் பெயரைத் தட்டினால் சர்வர் எந்த ஃபோல்டரைத் திறக்கிறதோ அது, பப்ளிக் ஃபோல்டராகத்தான் இருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. அப்படி வைத்தால் முகவரியில் ‘பப்ளிக்’ என்ற சொல் வரவே வழியில்லை. திண்ணையில் உட்கார்ந்திருப்பவருக்குத் திண்ணை மட்டும்தான் தெரியும், பீரோ தெரியாது.

ஆனால் ஒரே சர்வரைப் பலர் பகிர்ந்துகொள்ளும் ஷேர்டு ஹோஸ்டிங்கில் நடப்பது வேறு. அதை நிர்வகிக்கும் சி-பேனலைத் திறந்ததும் பப்ளிக் எச்டிஎம்எல் என்று ஒரு ஃபோல்டர் கண்ணில் படும். புராஜெக்டை ஜிப் செய்து அப்படியே அதற்குள் கொட்டிவிடுவார்கள். தளம் ஓடும், முகவரியில் மட்டும் ‘பப்ளிக்’ ஒட்டிக்கொண்டு வரும். வீடு முழுக்கத் தெருவில் இருக்கிறது என்று அந்த ஒரு சொல்தான் சொல்லிக்கொண்டிருக்கிறது. நாமோ முகவரியை உள்ளுக்குள் மாற்றிப் படிக்கும் ரீரைட் விதி போட்டு அந்தச் சொல்லை மறைத்துவிட்டு, வேலை முடிந்தது என்கிறோம். எரிகிற எச்சரிக்கை விளக்கின் மேல் டேப் ஒட்டுகிற கதைதான்.

இதில் இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. டாட் எச்டிஅக்சஸில் எல்லோரும் ஒட்டும் அந்த விதிகளைத் தமிழில் படித்துப் பார்த்தால் இப்படி வரும்: ‘கேட்ட பெயரில் நிஜமாகவே ஒரு கோப்போ ஃபோல்டரோ இருந்தால் அதை அப்படியே கொடு, இல்லாவிட்டால் கோரிக்கையை இன்டெக்ஸ்.பிஎச்பியிடம் அனுப்பு.’ படங்களும் சிஎஸ்எஸ்ஸும் வர வேண்டும் என்பதற்காக வைத்த முதல் பாதி அது. தலைவாசலில் டாட் என்வ் கோப்பு நிஜமாகவே இருக்கிறது. அதனால் அதையும் அப்படியே கொடுக்கிறது. போன வருடம் யாரோ எடுத்து வைத்த டேட்டாபேஸ் பேக்கப், நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் ஃபோல்டர் எல்லாவற்றுக்கும் இதே கதிதான். விதி தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது.

கோட்இக்னைட்டர் தன் ஆப், ரைட்டபிள் ஃபோல்டர்களுக்குள் ‘யாரையும் விடாதே’ என்று ஆளுக்கொரு டாட் எச்டிஅக்சஸ் வைத்துத்தான் தருகிறது. அது அப்பாச்சி, லைட்ஸ்பீட் என்ற வெப் சர்வர்களில் செல்லும். நாளைக்கே தளத்தை என்ஜின்எக்ஸ் என்ற வேறொரு வெப் சர்வருக்கு மாற்றினால் அந்தக் கோப்புகளை அது ஏறிட்டும் பார்க்காது, பூட்டு எல்லாம் வெறும் காகிதம் ஆகிவிடும்.

சரி, அன்று என்ன செய்தோம்? முதலில் அவசரத்துக்கு, புள்ளியில் தொடங்கும் எந்தக் கோப்பையும் தராதே என்று ஒரு தடை போட்டோம். அப்புறம், யார் எதைக் கேட்டார்கள் என்று சர்வர் குறித்து வைக்கும் அக்சஸ் லாக்கைத் திறந்தோம். டாட் என்வ் கோப்பைக் கேட்டு எங்கெங்கிருந்தோ தானியங்கி நிரல்கள் வந்து போயிருந்தன. இது எல்லாத் தளங்களுக்கும் வருவதுதான், நாளும் பொழுதும் தேடிக்கொண்டே இருக்கிறார்கள். வழக்கமாக அந்த வரியில் ‘அப்படி ஒன்று இல்லை’ என்று பொருள்படும் 404 இருக்கும். இங்கே 200 இருந்தது. கேட்டதை வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

அதற்குப் பின் கோப்பை ஒளித்து வைத்து என்ன பிரயோஜனம்? அதில் எழுதியிருந்த ஒவ்வொரு பாஸ்வேர்டையும் மாற்றினோம். என்கிரிப்ஷன் சாவியை மட்டும் யோசித்துத்தான் மாற்ற வேண்டியிருந்தது. பழைய சாவியால் பூட்டிச் சேமித்த தகவல் டேட்டாபேஸில் இருந்தால், சாவியை மாற்றிய நிமிடமே அது படிக்க முடியாததாகிவிடும். முதலில் பழைய சாவியால் திறந்து, புதியதால் பூட்டி, அப்புறம்தான் மாற்றினோம்.

பிறகு புராஜெக்டை பப்ளிக் எச்டிஎம்எல்லுக்கு வெளியே, அதற்குப் பக்கத்தில் ஒரு ஃபோல்டராக நகர்த்தினோம். பப்ளிக் ஃபோல்டரின் உள்ளடக்கம் மட்டும் பப்ளிக் எச்டிஎம்எல்லில் உட்கார்ந்தது. இன்டெக்ஸ்.பிஎச்பிக்குள் ஃபோல்டர்கள் எங்கே என்று சொல்லும் பாத்ஸ் கோப்பைக் கூப்பிடும் ஒரு வரியில் மட்டும் புதிய இடத்தைக் காட்டினோம். அரை மணி நேர வேலை. சப்டொமைன் என்றால் இதுகூட வேண்டாம், சி-பேனலிலேயே டாகுமென்ட் ரூட்டை பப்ளிக் ஃபோல்டருக்குத் திருப்பிவிடலாம். முக்கிய டொமைனுக்குத்தான் பெரும்பாலும் அந்த வசதி தரமாட்டார்கள்.

இந்த மாதிரி வேலையில் புதிதாக இறங்குகிறவர்களுக்கு வேறொரு தலைவலியும் வரும். லேப்டாப்பிலேயே சர்வரை ஓட்டிப் பார்க்க உதவும் சாம்ப்பில் ஓடியது, சர்வரில் ஏற்றியதும் எல்லாப் பக்கமும் 404. பயந்துபோய்க் கிடைத்த விதிகளையெல்லாம் ஒட்ட ஆரம்பிப்பார்கள். அதற்கு முன் எந்த 404 என்று பாருங்கள். அப்பாச்சியின் வெறும் வெள்ளைப் பக்கம் வந்தால் கோரிக்கை ஃபிரேம்வொர்க் வரை போகவே இல்லை. ஃபிரேம்வொர்க்கின் 404 பக்கம் வந்தால் ரீரைட் வேலை செய்துவிட்டது, எந்த முகவரிக்கு எந்த நிரல் என்று சொல்லும் ரவுட்டில்தான் பிழை. முதல் வகை என்றால் ஒரு பழைய தந்திரம்: சோதனைத் தளத்தின் டாட் எச்டிஅக்சஸில் அர்த்தமில்லாத ஒரு சொல்லை எழுதிச் சேமியுங்கள். 500 பிழை வந்தால் அந்தக் கோப்பு படிக்கப்படுகிறது. ஒன்றுமே மாறவில்லை என்றால் அப்பாச்சி அதைச் சீந்தவே இல்லை. அப்பாச்சி 2.3.9-இலிருந்து, டாட் எச்டிஅக்சஸை மதிப்பதா வேண்டாமா என்று தீர்மானிக்கும் அலவ்ஓவர்ரைடின் இயல்பு மதிப்பே ‘நன்’ ஆகிவிட்டது. சாம்ப்பில் அதை ‘ஆல்’ என்று திறந்து வைத்தே தருகிறார்கள், அதனால்தான் லேப்டாப்பில் இந்தப் பிரச்சினை தெரிவதில்லை. உபுண்டு சர்வரில் ரீரைட் மாட்யூலையும் நாம்தான் இயக்க வேண்டும்.

புடவைக்கடைக்கு வருகிறேன், ஏனென்றால் கதை அங்கே முடியவில்லை.

பழைய நீளமான முகவரிகள் கூகுளிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் சுற்றிக்கொண்டிருந்தன. அவை செத்துப்போகக் கூடாதே என்று, பழைய முகவரிக்கு வருகிறவர்களைப் புதியதற்கு அனுப்ப 301 ரீடைரக்ட் போட்டோம். இதில் சுழலில் மாட்டாமல் இருக்க ஒரு சூட்சுமம் உண்டு. சர்வர் உள்ளுக்குள் எப்படியும் இன்டெக்ஸ்.பிஎச்பியைத்தான் கூப்பிடுகிறது, அதனால் சும்மா ‘இன்டெக்ஸ்.பிஎச்பி வந்தால் திருப்பு’ என்று எழுதினால் பிரவுசர் சுற்றிச் சுற்றி வந்து கையை விரித்துவிடும். பிரவுசர் அனுப்பிய அசல் கோரிக்கை வரியை வைத்திருக்கும் ‘தி ரிக்வெஸ்ட்’ என்ற மாறியில்தான் தேட வேண்டும். அதைச் சரியாகவே செய்தோம்.

இரண்டு நாள் கழித்துக் கடைக்காரர் கூப்பிட்டார். “சார், கஸ்டமர் கணக்குலேர்ந்து பணம் போயிருக்கு, நம்ம பக்கம் ஆர்டர் பெண்டிங்னே நிக்குது.”

பேமென்ட் கேட்வே பணம் வாங்கியதும் முடிவை, தகவலைக் கோரிக்கைக்குள்ளேயே வைத்து அனுப்பும் போஸ்ட் முறையில் நம் தளத்துக்குத் திருப்பி அனுப்பும். எந்த முகவரிக்கு? முதல் நாள் அவர்களிடம் பதிந்து வைத்த பழைய, நீளமான முகவரிக்கு. அங்கே எங்கள் 301 காத்துக்கொண்டிருந்தது. 301 கிடைத்தால் பிரவுசர்கள் போஸ்ட்டை, வெறுமனே பக்கத்தைக் கேட்கும் கெட் ஆக்கிவிடும், கூட வந்த தகவல் வழியிலேயே கொட்டிப்போகும். புதிய பக்கத்துக்கு வெறுங்கையோடு ஒரு கோரிக்கை வந்து சேர்ந்தது, நிரல் அதைப் பணம் வராத ஆர்டராக எடுத்துக்கொண்டது. பிரவுசர் வழியாக இல்லாமல் கேட்வேயின் சர்வர் நேராக அனுப்பும் செய்தி என்றால் இன்னும் மோசம், ரீடைரக்ட்டைப் பின்தொடராமலே விட்டுவிடும் சர்வர்கள் நிறைய உண்டு.

போஸ்ட்டை போஸ்ட்டாகவே திருப்பிவிட 308 என்று ஒரு குறியீடு இருக்கிறது. ஆனால் பண விஷயத்தில் எதிர்ப்பக்கம் எப்படி நடந்துகொள்ளும் என்று நம்பி உட்கார எனக்கு மனம் வரவில்லை. அந்த ஒரு பாதையை ரீடைரக்ட்டிலிருந்து விலக்கினோம். கேட்வேயின் டாஷ்போர்டில் புதிய முகவரியைப் பதிந்து, சிறு தொகை ஒன்றை நாங்களே செலுத்திப் பார்த்தோம். நின்றுபோன ஆர்டர்களை கேட்வேயின் கணக்கோடு ஒப்பிட்டு ஒவ்வொன்றாகத் திருத்தியதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று. இப்போதெல்லாம் முகவரியில் கைவைக்கும் முன் ‘நம்மை வெளியிலிருந்து கூப்பிடுகிறவர்கள் யார் யார்’ என்று ஒரு தாளில் எழுதிக்கொள்கிறேன். பேமென்ட், எஸ்எம்எஸ் டெலிவரி ரிப்போர்ட், கூகுள் லாகின், கூரியர் டிராக்கிங், மொபைல் ஆப். ஆப்தான் ரொம்ப ஆபத்து, பழைய பதிப்பை அப்டேட் செய்யாமலே வைத்திருப்பவர்கள் எப்போதும் இருப்பார்கள்.

எல்லாம் ஓய்ந்த பிறகு கடைக்காரருக்குப் புது யோசனை. ஒவ்வொரு புடவையின் பெயரும் முகவரியில் தமிழிலேயே வரட்டும் என்றார். எனக்கும் பிடித்திருந்தது. பெயரை முகவரிக்கு ஏற்றபடி சுத்தம் செய்யும் ஃபங்ஷன் ஒன்றை முன்பே எழுதி வைத்திருந்தோம், அதில் ‘கோயில் பார்டர் புடவை’ என்று கொடுத்தேன். ‘கயல-பரடர-படவ’ என்று வந்தது.

கோயில் ‘கயல’ ஆன மர்மம் எளிதானது. யூனிகோடில் க, ய, ல எல்லாம் ‘எழுத்து’ வகை. ஆனால் ஓகாரக் குறியும், இகரக் குறியும், மெய்யின் மேல் வைக்கும் புள்ளியும் ‘மார்க்’ என்ற தனி வகை. எந்த எழுத்து இருக்கலாம், எது கூடாது என்று வடிகட்டும் எங்கள் ரெகுலர் எக்ஸ்பிரஷன் எழுத்தையும் எண்ணையும் மட்டும் விட்டுவைத்து மற்றதைச் சீவித் தள்ளியது. ஆங்கிலத்தை மட்டும் மனதில் வைத்து எழுதிய நிரலில் இது தெரியவே தெரியாது. மார்க் வகையையும் சேர்த்துக்கொண்டதும் கோயில் மறுபடி கோயில் ஆனது.

ஆனாலும் அந்த இணைப்பைப் பிரவுசரிலிருந்து நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டியபோது சதவீதக் குறிகள் ஒரு முழம் நீண்டன. தமிழின் ஒவ்வொரு குறியும் யூடிஎஃப்-8-இல் 3 பைட், ஒவ்வொரு பைட்டும் முகவரியில் 3 எழுத்து. ‘கோயில்’ என்ற ஒரு சொல்லுக்கே 54 எழுத்து. கடைக்காரர் போனைத் தள்ளிப் பிடித்து ஒரு முறை பார்த்தார், கிட்டே வைத்து ஒரு முறை பார்த்தார். “இங்கிலீஷ்லயே இருக்கட்டும் சார்” என்றார். விசிட்டிங் கார்டில் கடைசியில் அவர் அச்சடித்தது டொமைன் பெயரை மட்டும்தான்.