முந்திரிக்கும் ஓர் எண் உண்டு

யாழ்ப்பாணத்துப் பழைய வீடொன்றின் பெட்டகத்தில் கணக்கேடு அகப்பட்டால் உடனே படம் பிடித்துவிடுகிறோம். 1981இல் பொது நூலகத்தோடு ஏட்டுச் சுவடிகளும் எரிந்ததைக் கண்ட ஊர் இது, அவசரம் நியாயமானது. ஆனால் படத்தை வைத்துக் கூட்டிக் கழிக்க முடியாது. ஏட்டிலுள்ள தொகை கணினிக்கும் தொகையாகத் தெரியவேண்டும்.

கணினி ஒவ்வோர் எழுத்தையும் ஓர் எண்ணாகவே வைத்திருக்கிறது. உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் பொது எண் தரும் யுனிகோடு தரநிலையில் 'க' என்ற எழுத்து 2965. ஒன்றைக் குறிக்கும் '௧' பார்வைக்கு அதே வடிவம்தான். அதன் எண் 3047. இந்தப் பிரிவினை வீண் வேலையன்று. 3047உடன் 'மதிப்பு 1' என்ற குறிப்பும் சேர்ந்து வருகிறது, 2965உடன் வராது. ஒன்றுக்குப் பதிலாகக் 'க'வைத் தட்டி வைத்தால் அந்தத் தொகை எந்தக் கூட்டலிலும் சேராது.

பத்து, நூறு, ஆயிரத்துக்கும் தனிக் குறிகள் உண்டு. ௨௱௩௰௪ என்றால் 234; இரண்டை நூறால் பெருக்கு, மூன்றைப் பத்தால் பெருக்கு, நான்கைக் கூட்டு என்று நிரலுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். பற்று (௶), வரவு (௷), மேற்படி (௸) ஆகியவை 2003இல் யுனிகோடுக்கு வந்தன.

பின்னங்கள் 2019 வரை காத்திருந்தன. அந்த ஆண்டு சேர்ந்த 51 குறிகளில் முந்திரி (1/320), காணி (1/80), மா (1/20), மாகாணி (1/16), கால், அரை, முக்காலோடு நெல்லளவை, காசுக் குறிகளும் அடக்கம். மாகாணிக்கு இரு வடிவங்கள் வழங்கியதால் இரண்டுக்கும் இடம் கிடைத்தது. முந்திரியின் எண் 73664. இது இரண்டு பைட்டில் அடங்கும் மிகப் பெரிய எண்ணான 65,535ஐத் தாண்டியது. எழுத்துக்கு இரண்டு பைட்டுக்கு மேல் ஒதுக்காத பழைய மென்பொருள்கள் இங்கே தடுமாறுகின்றன. எழுத்துரு இல்லாத கைபேசியில் வெறும் கட்டம் தெரியும்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இனித்தான். கணினி இரண்டின் அடுக்குகளில் எண்ணுவது. பதினாறு இரண்டின் அடுக்கு என்பதால் மாகாணியை அது துல்லியமாக வைத்துக்கொள்ளும். மாவை அப்படி வைக்க முடியாது. இருபதில் ஐந்து ஒளிந்திருப்பதால் இரும எண்ணில் 1/20 முடிவில்லாமல் நீளும், எங்கோ வெட்டவேண்டும். நீண்ட பேரேட்டில் அந்த வெட்டுகள் சேர்ந்து பிழையாகலாம். தீர்வு நம் கணக்கிலேயே இருக்கிறது: எல்லாவற்றையும் முந்திரியாக மாற்றிவிடலாம். ஒன்று 320 முந்திரி, அரை 160, கால் 80, மாகாணி 20, மா 16, காணி 4. 1/64கூட முழுதாக 5. எங்கும் மீதியில்லை. அரையும் மாகாணியும் முந்திரியும் சேர்ந்த தொகையை 181 என்று கணினி வைத்துக்கொண்டு, கூட்டி முடித்தபின் பழைய குறிகளிலேயே திருப்பித் தரும்.