மலை வீட்டுச் சுவருக்குக் கஞ்சி போட்ட பூ ஆகாது

ஊட்டி, குன்னூர், கோத்தகிரிப் பக்கத்து வீடுகளிலிருந்து பழுதுக்கு வரும் துணித் தொங்கல்களில் முதலில் கெட்டிருப்பது அடித்துணி அல்ல, மேலே எழும்பி நிற்க வேண்டிய பூக்கள்தான். இதழ் துவண்டு, ஓரமெல்லாம் கரும்புள்ளி விழுந்திருக்கும். காரணம் கஞ்சி. மைதாவோ ஜவ்வரிசியோ, பனிமூட்டத்தில் ஈரம் குடித்துத் தளர்ந்துவிடும். பூஞ்சைக்கும் வெள்ளிமீன் பூச்சிக்கும் தீனியாகும். இங்கே பூவின் வடிவத்தை வெட்டிலும் தையலிலும்தான் வாங்க வேண்டும்.

2018-ல் பூத்த நீலக்குறிஞ்சி இனி 2030-ல்தான். அதுவரை சுவரில் வைத்துக்கொள்ள ஒரு கதிர் செய்யலாம்.

ஊதா நிறப் பாலியஸ்டர் ஆர்கன்சாவை, அதாவது ஊடுதெரியும் மெல்லிய விறைப்பான துணியை, எடுத்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் சொல்வதை நம்பாமல் ஓர் இழையை உருவி எரித்துப் பாருங்கள். உருகிக் கெட்டி மணியானால் சரி. சாம்பலாக உதிர்ந்தால் பருத்தியோ பட்டோ வேறு இழையோ கலந்தது, வேண்டாம்.

ஒரு பூவுக்கு 6 செ.மீ. நீளம், 3 செ.மீ. அகலம். இரு பக்கமும் அரை செ.மீ. தையலுக்கு விட்டு, நீள விளிம்பு ஒன்றில் 1 செ.மீ. அகலத்தில் ஐந்து வளைவுகள் வெட்டுங்கள். ஆழம் 8 மி.மீ. போதும். மெழுகுவத்திச் சுடரின் பக்கவாட்டில், தீயைத் தொடாமல், ஓரத்தை நகர்த்திக்கொண்டே போனால் இழை பிரியாமல் ஒட்டும், இதழும் தானே சுருளும். சுடருக்கு மேலே பிடித்தால் கரி படியும். ஒரே இடத்தில் நிறுத்தினால் ஓட்டைதான். ஜன்னல் திறந்திருக்கட்டும், பக்கத்தில் ஒரு கிண்ணம் தண்ணீர் இருக்கட்டும்.

சுருள் வெளிப்பக்கம் வருமாறு குழாயாக்கித் தையுங்கள். அடிவிளிம்பில் ஓட்டுத்தையல் போட்டுச் சுருக்கி இழுத்தால் மணி வடிவம் வந்துவிடும். பூவின் வாய் மேலே பார்க்க, கதிரின் நுனியில் தொடங்கிக் கீழே இறங்குங்கள். அப்போதுதான் அடுத்த பூ முந்தின பூவின் அடித்தையலை மறைக்கும். கீழிருந்து ஏறினால் முடிச்செல்லாம் பல்லிளிக்கும்.

பின்னணியில் மலை முகடுகளுக்குப் பருத்திச் சுருக்குவட்டம் நன்றாக இருக்கும். 10 செ.மீ. வட்டத்தின் ஓரத்தை 5 மி.மீ. மடித்து, 6-7 மி.மீ. நீளத் தையலாகச் சுற்றிலும் போட்டு, நூலை இழுத்து ஓரத்தை நடுவுக்குச் சுருக்குங்கள். பொடித்தையல் போட்டால் மடிப்புகள் நெருங்கி நடுத்துளை மூடாது. இதில் அழகாகத் தைப்பவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். உள்ளே ஃபைபர் பஞ்சு வையுங்கள். பருத்திப் பஞ்சு ஈரம் பிடித்துக் கட்டியாகும். இலைக்குள் கம்பி வேண்டுமென்றால் 24 கேஜ் செம்புக் கம்பி. இரும்புக் கம்பியின் துருக்கறை துணியை விட்டுப் போகாது.

நீலகிரித் தோடர் பழங்குடியினரின் பூத்தையல் போட்ட துணிமேல் மட்டும் இவற்றை வைக்காதீர்கள். வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாக அங்கே நூலே மேடாக எழும்பி நிற்கிறது.

அடித்துணிக்கு இரண்டு மடிப்புக் காடா. ஒவ்வொரு பூவையும் இரண்டு மடிப்பிலும் ஊசி ஏறும்படி மூன்று இடத்தில் பிடியுங்கள். ஒற்றை மடிப்பில் துணி தொய்ந்துவிடும். மழைச்சாரல் அடிக்கும் வெளிச்சுவரில் மாட்டாமல் உட்சுவரில் மாட்டுங்கள். கீழ் மூலைகளின் பின்னால் 1 செ.மீ. கனமுள்ள மரத்துண்டு வைத்தால் காற்று ஓடும். தூசிக்கு மெல்லிய பெயின்ட் பிரஷ் போதும். இஸ்திரிப் பெட்டியை ஆர்கன்சா பக்கமே கொண்டுபோகாதீர்கள்.