ரேமின் மேல் இருக்கும் எண்ணை மட்டும் பார்த்து வாங்காதீர்கள்

புது ரேம் போட்ட பிறகும் கணினி வேகம் கூடவில்லை, கடைக்காரர் போலியைத் தலையில் கட்டிவிட்டார் என்று வருகிறவர்களுக்குப் பதில் சொல்லி மாளவில்லை. கடைசியாக வந்தவரிடம் இருந்தது இன்டெல் ஐ5-10400 செயலி, எச்410 மதர்போர்டு, 2400 வேகத்தில் (நொடிக்கு 2400 மில்லியன் முறை தரவு கடத்தும்) ஒரு 8 ஜிபி ரேம். அதன் பக்கத்தில், வண்ண விளக்கு மின்னும் 3600 ரேம் ஒன்றை வாங்கிச் செருகியிருந்தார். டாஸ்க் மேனேஜரைத் திறந்து காட்டினேன். வேகம் 2133. பழையது தனியாக ஓடிய வேகம்கூட இல்லை.

ரேம் போலியல்ல. பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் 3600, கணினியின் அடிப்படை அமைப்புத் திரையான பயாஸில், ரேமை அதன் உச்ச வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி அமைப்பை இயக்கினால், அதுவும் செயலியும் போர்டும் இடம் கொடுத்தால் மட்டுமே கிடைக்கும். இல்லாவிட்டால் இந்த வகை ரேம்களில் பல 2133க்கோ 2400க்கோ இறங்கிவிடும். ஐ5-10400க்கு இன்டெல் குறித்திருக்கும் உச்சம் 2666. எச்410 போர்டு அதைத் தாண்ட விடாது. ரேமின் மேல் 5000 என்று எழுதியிருந்தாலும் விடாது. இரண்டு ரேம்களைச் சேர்த்துப் போட்டால் இரண்டுக்கும் ஒத்துவரும் வேகத்தில்தான் ஓடும். வேகமானது மெதுவானதை இழுத்துக்கொண்டு ஓடாது. இவ்வளவும் சொன்ன பிறகு, "பெரிய எண்தானே சார், கொஞ்சமாவது கூடாதா?" என்கிறார்கள். கூடாது.

இன்டெலின் பழைய கோர் 2 டுயோ செயலிகளின் காலத்தில், செயலியை மதர்போர்டோடு இணைக்கும் பாதையான எஃப்எஸ்பியின் வேகத்தைப் பார்த்து ரேம் வாங்கினோம். 2008இல் நெகலம் செயலிகளோடு இன்டெல் ரேம் கட்டுப்பாட்டைச் செயலிக்குள்ளேயே கொண்டுவந்தது. அதனால் எந்த வேக ரேமை ஏற்கும் என்பது செயலியின் விவரப் பக்கத்திலேயே இருக்கிறது. அதை யாரும் பார்ப்பதில்லை. ரேம் விவரம் காட்டும் சிபியு-இசட் மென்பொருள் 1333 என்று காட்டினால் மட்டும், பாதி வேகம்தான் ஓடுகிறது என்று சண்டைக்கு வந்துவிடுவார்கள். இப்போதைய ரேம்களெல்லாம் டிடிஆர் வகை; அது ஒரு துடிப்புக்கு இரண்டு முறை தரவைக் கடத்தும். 1333 துடிப்பு என்றால் 2666தான் ஐயா!

இந்தச் செயலிக்கு ஒரே மாதிரியான 8 ஜிபி, 2666 ரேம் இரண்டை வாங்கி இரண்டு ஸ்லாட்டிலும் போடுங்கள். ஒன்று மட்டும் இருந்தால் நொடிக்கு அதிகபட்சம் 21.3 ஜிபி கடத்தலாம். இரண்டும் ஒரே நேரத்தில் கடத்தும் இரட்டைச் சேனலில் 42.6 ஜிபி. விளக்கு மின்னும் ஒற்றை ரேம் இதன் கிட்டேகூட வராது.

வாங்குவதற்கு முன் மதர்போர்டு நிறுவனம் தரும் ரேம் பட்டியலை ஒரு தடவை பாருங்கள். பழைய ரேமைக் கழற்றி, ஸ்டிக்கரைக் கிழிக்காமல் கடைக்கே எடுத்துக்கொண்டு போங்கள். தயவுசெய்து டிடிஆர்3 ஸ்லாட்டில் டிடிஆர்4ஐ அழுத்திப் பார்க்காதீர்கள். ரேமின் அடியில் உள்ள வெட்டு இரண்டிலும் வேறு வேறு இடத்தில் இருக்கிறது, உடையப்போவது உங்கள் போர்டு.