துக்கம்: சொல்லும் அதற்கான தமிழ்ச் சொற்களும்

'துக்கம்' தமிழில் பிறந்த சொல் அன்று. வடமொழிச் சொல்; பாலி மொழியின் 'துக்க' என்ற வடிவத்தோடு அப்படியே பொருந்துவது. பௌத்தத்தில் அதன் பொருள் மிக விரிந்தது. பிறப்பு, மூப்பு, பிணி, சாவு, பிரியமானவரைப் பிரிதல் எல்லாமே அதில் அடங்கும். தமிழுக்கு வந்தபின் பொருள் குறுகி, பேச்சில் பெரும்பாலும் சாவோடு ஒட்டிக்கொண்டது: துக்க வீடு, துக்கம் விசாரித்தல்.

இந்த ஒரு சொல்லே நடந்த இழப்பையும், உள்ளே இருக்கும் வலியையும், வெளியே தெரியும் அழுகையையும் குறிக்கிறது. அழாதவருக்குத் துக்கமே இல்லை என்று பேசுவதும், அழுகை நின்றதும் எல்லாம் சரியாகிவிட்டது என்று விட்டுவிடுவதும் இந்தக் குழப்பத்தால்தான். மூன்றுக்கும் தனித்தனிச் சொற்கள் நம்மிடம் உண்டு.

நடந்தது இழப்பு. 'இழவு' என்பதும் 'இழ' என்ற அதே வினையிலிருந்து வந்ததே. இன்று அது வசையாகிவிட்டதால் ஆறுதல் சொல்லும் இடத்தில் பயன்படாது. 'பறிகொடுத்தவர்' என்ற வழக்கு இன்னும் கூர்மையானது. விரும்பாமல் பிடுங்கப்பட்டது என்பதையும் சேர்த்துச் சொல்கிறது. உள்ளே இருப்பது துயர். வெளியே வருவது புலம்பல்.

'புலம்பு' என்ற சொல்லின் பழம்பொருளைக் கவனிக்க வேண்டும். 'புலம்பே தனிமை' என்கிறது தொல்காப்பிய உரியியல். தனித்துவிடப்பட்ட நிலைக்குப் பெயராக இருந்த சொல், அந்த நிலையில் வாய்விட்டு அழுவதற்கும் ஆகி, இப்போது 'சும்மா புலம்பாதே' என்று தட்டிக்கழிக்கும் சொல்லாகத் தேய்ந்துவிட்டது. இறந்தவரைப் பற்றி ஒரே சம்பவத்தைப் பத்தாவது முறை சொல்பவருக்குத் தேவை கேட்க ஓர் ஆள். குறுக்கிட்டு அறிவுரை சொன்னால் அந்தத் தனிமை கூடும். இறந்தவரின் பெயரைச் சொல்லிப் பேசுங்கள். பெயரைத் தவிர்த்தால் காயம் படாது என்று நினைப்பது தவறு.

இன்னொரு பழஞ்சொல் கையறுநிலை. இறந்தவரை நினைத்து, 'ஒழிந்தோர்', அதாவது எஞ்சி இருப்பவர்கள், புலம்புவதைத் தொல்காப்பியம் இப்பெயரால் குறிக்கிறது. செய்வதறியாமல் செயலற்று நிற்பது என்பது பொருள். முதல் வாரங்களின் நிலைமைக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடையாது. படித்த வரி மனத்தில் நிற்காது. அடுப்பை அணைத்தோமா என்பது நினைவிருக்காது. ஒரு படிவத்தை நிரப்பக்கூட முடியாது. 'எது வேண்டுமானாலும் கேளுங்கள்' என்பது அப்போது உதவியாகாது, யோசித்துக் கேட்பதே ஒரு வேலை என்பதால். 'நாளைக் காலை வந்து குழந்தைகளைப் பள்ளியில் விடுகிறேன்' என்று நேரமும் வேலையும் குறித்துச் சொல்ல வேண்டும். பெரிய முடிவுகளை, முக்கியமாக வீட்டை விற்பது, வேலையை விடுவது போன்றவற்றை, முடிந்தவரை தள்ளிவைப்பது நல்லது.

இனி, சமாளிப்பதற்கான சொல். 'துக்கத்திலிருந்து வெளியே வாருங்கள்', 'கடந்து செல்லுங்கள்' என்று எழுதுகிறார்கள். துயரை ஏதோ ஓர் அறைபோல நினைக்கும் இந்த வழக்கு எனக்கு உடன்பாடில்லை. சரியான தமிழ்ச் சொல் துயர் ஆற்றுதல். சூடும் ஆறும், புண்ணும் ஆறும். ஆறுவதற்கு நேரம் வேண்டும். 'ஆற்றுதல்' என்பதற்குப் பொறுத்தல் என்ற பொருளும் உண்டு. குறளின் 'பசிஆற்றல்' பசியைப் பொறுத்தலே. தணிதல், பொறுத்தல் இரண்டும் ஒரே சொல்லில் இருப்பது நடைமுறைக்கும் ஒத்துவருகிறது. 1999இல் ஸ்ட்ரோப், ஷூட் என்ற இரு உளவியல் ஆய்வாளர்கள் முன்வைத்த இருமுகக் கோட்பாடு, மனம் இழப்பை நோக்கியும் அன்றாட வாழ்வை நோக்கியும் மாறி மாறிப் போய்வருவதே இயல்பு என்கிறது. காலையில் அழுதவர் மாலையில் சிரித்தால் அது துரோகமில்லை. எந்நேரமும் ஒரே பக்கம் சிக்கிக்கொள்வதுதான் சிரமம். மனநல மருத்துவர் எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969இல் சொன்ன ஐந்து நிலைகளை (மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு) படிவரிசையாகப் பலர் எதிர்பார்க்கிறார்கள். அவை சாவை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளிடம் பேசி உருவானவை. எல்லோரும் அந்த வரிசையில் ஏறி இறங்குவதில்லை.

'கவுன்சலிங்' என்பதற்கு வழங்கும் ஆற்றுப்படுத்தல் வேறு 'ஆறு': வழி என்று பொருள். வழிப்படுத்துவது.

குழந்தைகளிடம் மட்டும் மங்கலச் சொல் வேண்டாம். 'தூங்குகிறார்' என்றால் தூங்கப் பயப்படும். 'ஊருக்குப் போயிருக்கிறார்' என்றால் வாசலைப் பார்த்துக் காத்திருக்கும். 'இறந்துவிட்டார், அவர் உடல் இனி இயங்காது, திரும்ப வரமாட்டார்' என்பதே சரி.

ஆறாத துயருக்கு மருத்துவத்தில் நீடித்த துயர்க் கோளாறு என்று பெயர் சொல்லலாம். அப்படிச் சொல்ல, இறந்தவர் மீதான ஏக்கமோ அவரைப் பற்றிய நினைவோ ஏறக்குறைய நாள்தோறும் பிடித்து உலுக்கி, வேலையும் உறவும் நடத்த முடியாமல் போக வேண்டும். உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடு இதற்குக் குறைந்தது 6 மாதம் என்கிறது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோயறி கையேட்டின் 2022 பதிப்பு பெரியவர்களுக்கு 12 மாதம், குழந்தைகளுக்கு 6 மாதம் என்கிறது. 'நானும் போய்விடலாம்' என்ற எண்ணம் ஒருவருக்கு வந்தால் இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. அவரைத் தனியே விடாமல் அன்றே மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டும்.