கரையில் நின்று கப்பலின் புகையை மோப்பம் பிடிப்பது எப்படி?

குறிகட்டுவான் இறங்குதுறையில் நயினாதீவுப் படகுக்காக நின்றிருந்தபோது, உயர்தர வகுப்பில் இரசாயனவியல் படிக்கும் என் மருமகன் ஒரு கேள்வி கேட்டான். அப்போதுதான் பக்கத்துப் படகின் இயந்திரம் இயங்கத் தொடங்கி, கரும்புகை ஒரு தரம் குபீரென எழுந்து சோளகக் காற்றில் கரைந்திருந்தது. "மாமா, டென்மார்க்கில ஒரு பாலத்துக்குக் கீழால கப்பல் போகேக்க, அது என்ன எண்ணெய் எரிக்குதெண்டு மேல இருக்கிற கருவி சொல்லுமாம். புகை இப்பிடிக் கரைஞ்சு போனா எப்பிடி அளக்கிறது?" படகு வரும்வரை நான் கூறிய விடையை இங்கே சற்று விரித்து எழுதுகிறேன்.

பெருங்கப்பல்கள் எரித்துவந்த எண்ணெய், மசகு எண்ணெயைச் சுத்திகரித்துப் பெற்றோலும் டீசலும் எடுத்தபின் அடியில் எஞ்சும் தடித்த கழிவு. கந்தகம் அதில் மிகுதி. எரியும்போது அது கந்தகவீரொட்சைட்டாக வெளியேறுகிறது. கப்பல்கள் சூழலை மாசுபடுத்துவதைத் தடுக்கும் சர்வதேச உடன்படிக்கையான மார்போலின் ஆறாம் இணைப்பின்படி எண்ணெயில் இருக்கத்தக்க கந்தகத்தின் உச்சவரம்பு, 2020 சனவரி 1 முதல் உலகெங்கும் 3.5 சதவீதத்திலிருந்து 0.5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. போல்ற்றிக் கடல், வடகடல் போன்ற பகுதிகளில் 2015 முதலே வரம்பு 0.1 சதவீதம். கந்தகம் குறைந்த எண்ணெய் விலை கூடியது. துறைமுகத்தில் அதிகாரி ஏறி எண்ணெய் மாதிரி எடுக்கும்போது நல்ல எண்ணெயைக் காட்டிவிட்டு, கரை மறைந்ததும் மலிவான எண்ணெய்க்கு மாறிக்கொள்ள ஆசை எழுவது இயல்பு. ஆகவே கப்பல் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் மூச்சை அளக்கவேண்டிய தேவை வந்தது.

மருமகனின் ஐயம் மிகச் சரியான இடத்தைத் தொட்டது. புகைபோக்கியின் வாயிலிருந்து கருவி இருக்கும் இடத்துக்கு வருவதற்குள் புகை பல நூறு மடங்கோ அதற்கும் மேலோ காற்றுடன் கலந்துவிடும். எத்தனை மடங்கு என்பது காற்றின் வேகம், வெயில், தூரம் ஆகியவற்றைப் பொறுத்து நிமிடத்துக்கு நிமிடம் மாறும். கந்தகவீரொட்சைட்டை மட்டும் அளந்தால், கிடைக்கும் எண்ணுக்குப் பொருளே இல்லை. நல்ல எண்ணெய் எரிக்கும் கப்பல் அருகில் போயிருக்கலாம், கள்ள எண்ணெய் எரிக்கும் கப்பல் தொலைவில் போயிருக்கலாம்.

இதை வெல்லும் வழியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒடியற்கூழ்தான் நினைவுக்கு வருகிறது. கூழ் கொதிக்கும் வேளையில் எதிர்பாராமல் நான்கு பேர் வந்துவிட்டால், அம்மா இன்னும் இரண்டு செம்பு நீரை ஊற்றுவார். உப்பும் குறையும், புளியும் குறையும். ஆனால் உப்புக்கும் புளிக்கும் உள்ள விகிதம் அணுவளவும் மாறாது. ஊற்றிய நீரின் அளவு தெரியாதவரும், சட்டியில் முதலில் உப்பு எத்தனை பங்கு, புளி எத்தனை பங்கு என்று சொல்லிவிடலாம். புகையிலும் அதே கதைதான். கந்தகவீரொட்சைட்டும் காபனீரொட்சைட்டும் ஒரே புகைபோக்கியிலிருந்து ஒன்றாகப் புறப்பட்டு ஒரே அளவில் ஐதாகின்றன. காபனீரொட்சைட்டு எரிந்த எண்ணெயின் அளவைக் காட்டும்; கந்தகவீரொட்சைட்டு அதிலிருந்த கந்தகத்தைக் காட்டும்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். புகை கடந்தபோது காபனீரொட்சைட்டு மில்லியனில் 10 பங்கும், கந்தகவீரொட்சைட்டு பில்லியனில் 20 பங்கும் உயர்ந்தன என்க. மூலக்கூற்று விகிதம் 0.002. கந்தகத்தின் அணுத்திணிவு 32, காபனுடையது 12. எனவே திணிவு விகிதம் ஏறத்தாழ 0.0053. கப்பல் எண்ணெயின் திணிவில் 87 சதவீதம் அளவில் காபன் என்பதால், கந்தகம் 0.46 சதவீதம். உலக வரம்புக்குள் கப்பல் தப்பிவிட்டது. போல்ற்றிக் கடலில் என்றால் அகப்பட்டிருக்கும். காற்று இரு மடங்கு பலமாக வீசி 5 பங்கும் 10 பங்கும் மட்டுமே கிடைத்திருந்தாலும் விடை அதே 0.46தான். உயர்தர மாணவன் ஒருவன் பயிற்சிக் கொப்பியின் ஓரத்திலேயே போட்டுவிடக்கூடிய இந்தக் கணக்கின் எளிமை எனக்கு இன்றுவரை அலுக்கவில்லை.

நடைமுறையில் ஒரு சிக்கல் உண்டு. கழியூதா ஒளியை உறிஞ்சிய கந்தகவீரொட்சைட்டு மூலக்கூறுகள் அதைவிட நீண்ட அலைநீளத்தில் திருப்பி உமிழும் மங்கிய ஒளியைக் கொண்டே அவற்றை அளக்கிறார்கள். காபனீரொட்சைட்டை அது உறிஞ்சும் செந்நிறக்கீழ்க் கதிரைக் கொண்டு அளக்கிறார்கள். முதற்கருவி மந்தமானது, இரண்டாவது சுறுசுறுப்பானது. ஆகையால் ஒரே புகை ஒரு வரைபில் ஒடுங்கிய உயர்ந்த குன்றாகவும், மற்றதில் தாழ்ந்து அகன்ற மேடாகவும் தோன்றும். உச்சங்களை ஒப்பிட்டால் கணக்குப் பிழைக்கும். ஒரு செம்பு நீரை ஒரேயடியாக ஊற்றினாலும் சொட்டுச் சொட்டாக ஊற்றினாலும் ஊற்றிய நீர் ஒரு செம்புதான். அதுபோல், காற்றில் முன்பே இருந்த அளவைக் கழித்துவிட்டு, குன்றுகளின் கீழுள்ள பரப்புகளை ஒப்பிட்டால் மந்தமும் சுறுசுறுப்பும் பொருட்டல்ல. கழிப்பதிலும் கவனம் வேண்டும். கடற்காற்றில் கந்தகவீரொட்சைட்டு இல்லையென்றே சொல்லலாம். காபனீரொட்சைட்டோ எங்கும் மில்லியனில் 420 பங்குக்கு மேல் நிற்கிறது. அந்தப் பெரிய எண்ணின்மேல் ஏறிநிற்கும் சில பங்குகளைத்தான் பிரித்தெடுக்கவேண்டும்.

புகை எந்தக் கப்பலுடையது என்பதைக் காற்றின் திசையையும், ஒவ்வொரு கப்பலும் வானொலி அலையில் இடைவிடாது அறிவிக்கும் பெயர், இடம், வேகம் ஆகியவற்றையும் பொருத்திக் கண்டுகொள்கிறார்கள். டென்மார்க்கின் கிரேட் பெல்ட் பாலத்தில் இருப்பது இத்தகைய கருவிதான். விமானத்திலும் ஆளில்லா வானூர்தியிலும்கூட இதைப் பொருத்துகிறார்கள். கந்தகத்தில் ஒரு பகுதி துகள்களாக மாறிவிடுவதால் விடை சற்றுக் குறையலாம். புகையிலுள்ள நைத்திரிக் ஒட்சைட்டும் சிறிது ஒளிர்வதால் சற்றுக் கூடவும் செய்யலாம். எனவே கருவியின் சொல் தீர்ப்பல்ல. அடுத்த துறைமுகத்தில் எந்தக் கப்பலின் எண்ணெயைச் சோதிக்கவேண்டும் என்பதற்கான துப்பு.

கப்பற்புகையிலுள்ள இன்னொரு மாசான நைதரசன் ஒட்சைட்டுகளில் நிலைமை இன்னும் சுவையானது. அவை பெரும்பாலும் எண்ணெயிலிருந்து வருவனவல்ல; இயந்திரத்தின் வெப்பத்தில் காற்றிலுள்ள நைதரசனே எரிந்து உண்டாவன. இயந்திரத்துக்குச் சான்றிதழ் வழங்கும் சோதனையில் 25, 50, 75, 100 சதவீதச் சுமைகளில் அளந்து, இறுதிக் கணக்கில் 75 சதவீதச் சுமையின் அளவீட்டுக்குப் பாதிப் பங்கு கொடுக்கிறார்கள். கப்பலோ மக்கள் வாழும் கரையை அண்டும்போது 25 சதவீதத்துக்கும் கீழே ஊர்ந்து வருகிறது. அவ்வேளையில் வெளியேறும் வளி குளிர்ந்திருப்பதால், 300 பாகை செல்சியசு அளவு வெப்பம் இருந்தாலே ஒழுங்காக வேலைசெய்யும், இந்த ஒட்சைட்டுகளை அகற்றும் ஊக்கிச் சுத்திகரிப்பான் சும்மா கிடக்கிறது. பரீட்சையில் கேட்காத பாடத்தை மாணவன் படிக்காமல் விடுவது போன்ற இந்தக் குறையை, அன்றாட ஓட்டத்தில் அளக்காமல் எவரும் கண்டிருக்க முடியாது.

பாக்கு நீரிணை ஆழமற்றது. பெருங்கப்பல்கள் தேவேந்திரமுனைக்குத் தெற்காகச் சுற்றிப் போகின்றன. அவ்வழி எவ்வளவு நெருக்கமானது என்றால், இலங்கையிலிருந்து சுமாத்திரா நோக்கி நீளும் நைதரசனீரொட்சைட்டுக் கோட்டைச் செயற்கைக்கோள் தரவுகளில் கண்டு, 2004இலேயே ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். எங்கள் நாட்டின் வாசலில் ஓடும் கோட்டை ஐரோப்பியர் விண்ணிலிருந்து பார்த்து எழுத, நாங்கள் "கடற்காற்று உடம்புக்கு நல்லது" என்று சொல்லிக்கொண்டு கரையில் உலாவுகிறோம். ஆய்வுக்குப் பணமில்லை என்ற பேச்சை நான் முழுதாக ஏற்பதில்லை. வெடிக்கும் வாணத்துக்கும் ஒலிபெருக்கிக்கும் பணம் சேர்க்கத் தெரிந்த ஊர் இது.

காங்கேசன்துறையில் இத்தகைய கருவியொன்றை வைப்பதானால் எங்கே வைப்பது என்று மருமகன் கேட்டான். வாடைக் காலத்தில் காற்றுக் கடலிலிருந்து வருவதால் கரையில் ஒரு கம்பம் போதும்; சோளகத்தில் புகை முழுவதும் கடலை நோக்கிப் போய்விடும், அப்போது கருவியை அலைதடுப்பு அணையின் நுனிக்குக் கொண்டுபோகவேண்டும். உப்புக்காற்றில் அதைத் துருப்பிடிக்காமல் காப்பது எப்படி என்ற அடுத்த கேள்விக்குள் படகு வந்துவிட்டது.