மூக்கை நிமிர்த்தலாமா? முதலில் மூச்சைப் பாருங்கள்

ஏற்காட்டில் லேடீஸ் சீட் முனையில் நின்று எடுத்த செல்ஃபியைப் பார்த்து, "என் மூக்கு இவ்வளவு அகலமா?" என்று நொந்துகொள்பவர்களுக்கு ஓர் ஆறுதல். குற்றத்தில் ஒரு பங்கு கேமராவுடையது. ஓரடி தூரத்தில் பிடித்த கேமரா, ஐந்தடி தூரத்தில் எடுத்த படத்தைவிட மூக்கின் அடிப்பகுதியைச் சுமார் 30 சதவீதம் அகலமாகக் காட்டும் என்று 2018-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். முகத்தில் முன்னால் நீட்டிக்கொண்டிருப்பதற்கு மூக்கு கொடுக்கும் விலை அது.

அதற்குப் பிறகும் வடிவம் உறுத்தினால், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. புருவங்களுக்கு நடுவிலிருந்து விரலை மெல்ல இறக்குங்கள். மேலே மூன்றில் ஒரு பங்கு எலும்பு. அங்கிருந்து கீழே விரலுக்கு இசைந்து கொடுப்பதெல்லாம் குருத்தெலும்பு. நடுப்பகுதியில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு தகடுகள்; நுனியில் வளைந்த இன்னும் இரண்டு. இவை எல்லாவற்றையும் பந்தலின் நடுக்கால் போல உள்ளிருந்து தாங்குவது மூக்குத் தண்டு, அதாவது இரண்டு துவாரங்களையும் பிரிக்கும் நடுச்சுவர். முன்பக்கம் குருத்தெலும்பு, பின்பக்கம் எலும்பு.

"தண்டு வளைஞ்சிருக்கு" என்று மருத்துவர் சொன்னதும் பலர் பயந்துவிடுகிறார்கள். கவனித்துப் பார்த்தால் நம்மில் பெரும்பாலோருக்குக் கொஞ்சமாவது வளைந்துதான் இருக்கும். மூச்சை மறிக்காத வளைவை அப்படியே விட்டுவிடலாம்.

மறிக்கும் இடம் எது என்பதுதான் கேள்வி. துவாரத்துக்குள் ஒரு சென்டிமீட்டர், ஒன்றரை சென்டிமீட்டர் தள்ளி, நடுத் தகடு தண்டோடு சேரும் மூலையில் ஒரு குறுகலான வாசல் இருக்கிறது. மூக்கு வழியாகப் போகும் காற்று சந்திக்கும் தடையில் பாதிக்கு மேல் அங்கேதான். சீராகக் காற்று ஓடும் ஒரு குழாயின் விட்டம் பாதியானால் தடை 16 மடங்காகும் என்கிறது இயற்பியல். மூக்கு அவ்வளவு ஒழுங்கான குழாய் இல்லைதான். ஆனாலும் அந்த வாசலில் ஒரு மில்லிமீட்டர் குறைந்தாலே மூச்சில் தெரியும். சோதிப்பது சுலபம்: மூக்கை ஒட்டிய கன்னத்தை விரலால் வெளிப்பக்கம் லேசாக இழுங்கள். சட்டென்று மூச்சு லேசானால் அந்த வாசலைச் சந்தேகிக்கலாம்.

இன்னொரு காரணம், நம் ஊரில் "சதை வளர்ந்திருக்கு" என்று சொல்வது. பக்கச் சுவரில் சுருண்டு தொங்கும் இந்த மடிப்புகள் எல்லோருக்கும் உண்டு. உள்ளே நுழையும் காற்றைச் சூடாக்கி ஈரமாக்கும் வேலை இவற்றுடையது. ரத்தம் நிறைந்தால் வீங்கும், வடிந்தால் சுருங்கும். சில மணி நேரத்துக்கு ஒருமுறை இடமும் வலமும் முறை மாற்றிக்கொள்ளும். 1895-இலேயே பதிவான விஷயம் இது. சேலத்து வெயிலிலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, மார்கழிக் குளிரில் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இறங்கியதும் மூக்கு அடைத்து நீர் வடிகிறதே, அது இந்த மடிப்புகள் கூடுதல் நேரம் வேலை பார்ப்பதால். இதற்குக் கத்தி வேண்டாம். மூக்கடைப்புச் சொட்டு மருந்தை மாதக்கணக்கில் ஊற்றிக்கொண்டிருப்பவர்கள் முதலில் அதை நிறுத்தும் வழியை மருத்துவரிடம் கேட்கட்டும். சில நாட்களுக்கு மேல் போனால் அந்தச் சொட்டே அடைப்பை உண்டாக்கும்.

சரி, ஒருவருக்கு எள்ளுப்பூ மூக்கு, இன்னொருவருக்குச் சப்பை மூக்கு ஏன்? காலனிக் காலத்தில் ரிஸ்லி என்ற அதிகாரி மூக்கின் அகலத்தையும் உயரத்தையும் அளந்து சாதிப் படிநிலைக்கே கணக்குப் போட்டார். சென்னை அருங்காட்சியகத்தின் தர்ஸ்டனும் அளவுகோலோடு தென்னிந்தியா முழுக்கத் திரிந்தார். அந்தக் கணக்கு குப்பைக்குப் போய்விட்டது. 2017-இல் வெளிவந்த ஒரு மரபியல் ஆய்வு, துவார அகலம் முன்னோர் வாழ்ந்த இடத்தின் வெப்பத்தோடும் ஈரப்பதத்தோடும் சேர்ந்து போவதைக் காட்டியது. வெப்பமும் ஈரமும் மிகுந்த இடத்தில் அகலம், குளிர்ந்து வறண்ட இடத்தில் குறுகல். அகல மூக்கு என்பது நம் தட்பவெப்பத்துக்குப் பொருந்திய மூக்கு.

மூக்கைச் செய்து வைக்கும் கலையும் இந்த மண்ணுக்குப் பழையது. கன்னத்துத் தோலைத் திருப்பி மூக்கு அமைப்பதைப் பண்டைய மருத்துவ நூலான சுஸ்ருத சம்ஹிதை சொல்கிறது. 1792-இல் முடிந்த மைசூர்ப் போரில் ஆங்கிலப் படைக்கு மாடு ஓட்டிய கவாஸ்ஜி என்பவர் திப்புவின் ஆட்களிடம் சிக்கி மூக்கை இழந்தார். பிறகு புனே பக்கம் ஒருவர் மெழுகில் மூக்கு செய்து, அதைத் தட்டையாக்கி நெற்றியில் வைத்து வரைந்து, அந்த அளவுக்குத் தோலை உரித்துக் கீழே திருப்பித் தைத்தார். ரத்தம் ஓடுவதற்காகப் புருவங்களுக்கு நடுவே ஒரு காம்பை மட்டும் விட்டுவைத்தார். 1794-இல் லண்டன் பத்திரிகையில் இது வந்தது. 1814-இல் கார்ப்பியூ என்ற மருத்துவர் அங்கே செய்து பார்த்தார். புற்றுநோயால் மூக்கை இழந்தவர்களுக்கு நெற்றித் தோல் இன்றும் அப்படித்தான் இறங்குகிறது.

இன்றைய சிகிச்சைகளில் எளியது தண்டை நேராக்குவது. கீறல் உள்ளேயே முடிந்துவிடும், வெளி வடிவம் மாறாது. வளைந்த பகுதியை எடுக்கும்போது மேல்பக்கமும் முன்பக்கமும் சுமார் ஒரு சென்டிமீட்டர் பட்டையை விட்டுவைப்பார்கள்; இல்லையென்றால் மூக்கு அமுங்கிவிடும். சதை மடிப்புகளையும் சுருக்கலாம். ஆனால் முழுக்க வெட்டிவிட்டால் மூக்கு வறண்டு, வழி திறந்திருந்தும் மூச்சு போகாதது போலவே சிலருக்குத் தோன்றும்.

வடிவத்தைத் திருத்தும் ரைனோபிளாஸ்டியில் சிக்கல் கூடுதல். கிளி மூக்கின் மேட்டைச் சீவினால் மூக்கின் எலும்புக் கூரை திறந்துகொள்ளும். பக்க எலும்புகளை வெட்டி உள்ளே நகர்த்தி அதை மூட வேண்டும். அப்போது நடுத் தகடுகள் சரிந்தால், மேலே சொன்ன வாசல் குறுகும். அழகான மூக்கோடு வாயால் மூச்சு விடுகிறவர்கள் உருவாவது இப்படித்தான். நல்ல நிபுணர் தண்டுக்கும் தகட்டுக்கும் நடுவே மெல்லிய குருத்தெலும்புப் பட்டைகளைச் செருகி வாசலைக் காப்பார். சப்பை மூக்கை உயர்த்தத் தண்டிலிருந்தோ காதிலிருந்தோ விலாவிலிருந்தோ குருத்தெலும்பு எடுப்பார்கள். அகலத் துவாரத்தைக் குறைக்க அடியில் சின்னத் துண்டு எடுப்பதும் உண்டு. ஆனால் ஒரேயடியாகக் குறைத்துவிட்டால் திரும்பக் கொண்டுவருவது மிகக் கடினம்.

நம்மவர்களில் பலருக்கு நுனித் தோல் தடிமன். உள்ளே செதுக்கிய நுணுக்கம் வெளியே முழுசாகத் தெரியாது. நுனி வீக்கம் வடிய ஒரு வருடம்கூட ஆகலாம். வளர்ச்சி முடியும் முன்பு, அதாவது பெண்களுக்கு 15, 16 வயதுக்கும் ஆண்களுக்கு 17, 18 வயதுக்கும் முன்பு, அழகுக்காகத் தொடுவதில்லை. மருத்துவக் காப்பீடு பொதுவாக அழகு சிகிச்சைக்குப் பணம் தராது.

கத்தியில்லாமல் ஊசியிலேயே மேட்டை மறைக்கலாம் என்று விளம்பரம் வரும் ஃபில்லரைப் பற்றி, அதாவது தோலுக்கு அடியில் ஊசியால் ஏற்றும் ஜெல்லைப் பற்றி, ஒரு வார்த்தை. அது மூக்கைப் பெரிதாக்கத்தான் செய்யும், சின்னதாக்காது. மூக்கின் ரத்தக் குழாய்கள் கண்ணின் குழாய்களோடு இணைந்தவை; ஊசி தவறி உள்ளே போனால் பார்வை போன சம்பவங்கள் உண்டு. அரிதுதான். ஆனாலும் பியூட்டி பார்லரில் செய்கிற காரியம் இல்லை.

விழுந்து மூக்கு கோணியவர்களுக்கு நேரம் முக்கியம். உடைந்த எலும்பை ஒன்று, இரண்டு வாரத்துக்குள் நிமிர்த்திவிடலாம், அப்புறம் கோணலாகவே ஒட்டிவிடும். அடிபட்ட குழந்தைக்கு இரண்டு பக்கமும் அடைத்து, உள்ளே நடுச்சுவரில் மெத்தென்று வீங்கியிருந்தால் அன்றே ஈ.என்.டி. மருத்துவரிடம் போக வேண்டும். அது தண்டைச் சுற்றித் தேங்கிய ரத்தம். வடித்துவிடாவிட்டால் சில நாட்களில் குருத்தெலும்பு செத்து, மூக்கு நடுவில் பள்ளமாகிவிடும்.