பவுண்டைப் பெருக்கும் டீச்சர்களுக்கு

தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கேரளத்துக் கொழிஞ்சாம்பாறையில் வருமான வரிக் கணக்கு பார்க்கிறேன். வருபவர்களில் பாதிப் பேர் டீச்சர்கள், மாஷ்கள் (ஆண் ஆசிரியர்கள்). 'எந்த நாட்டில் ஆசிரியருக்கு எவ்வளவு' என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் பட்டியலைப் பார்த்தாலே இப்போது எரிச்சலாக வருகிறது. போன வாரம் ஒரு டீச்சர் இங்கிலாந்து போகலாம் என்று எய்டட் (அரசு உதவி பெறும்) பள்ளி வேலைக்கு ராஜினாமா எழுதிக்கொடுத்துவிட்டு வந்து கணக்குக் கேட்கிறார். முன்னாலேயே வந்திருக்கக் கூடாதா?

அவர் கணக்கு இது. இங்கிலாந்தில், லண்டனுக்கு வெளியே, புது ஆசிரியருக்கு 2024 செப்டம்பர் விகிதப்படி ஆண்டுக்கு 31,650 பவுண்டு. பவுண்டுக்கு 110 ரூபாய் என்று பெருக்கினால் மாதம் 2.9 லட்சம். சரி, வரி, காப்பீடு, ஓய்வூதியப் பிடித்தம் எங்கே? எல்லாம் போனால் கையில் சுமார் 2,000 பவுண்டுதான். வீட்டு வாடகை, பஸ், காய்கறி எல்லாம் பவுண்டில்தான். சம்பளத்தை ரூபாயில் எண்ணிவிட்டு வாடகையை மட்டும் ஏன் எண்ணாமல் விடுகிறீர்கள்?

அந்தப் பட்டியல்களே பெரும்பாலும் வாங்கும் திறனைச் சரிசெய்த டாலரில் போட்டவை. ஒவ்வொரு நாட்டு விலைவாசிக்கும் ஏற்பத் திருத்திய கணக்கு டாலர் அது, வங்கியில் மாற்றும் டாலர் இல்லை. இங்கே மாதம் 40,000 வாங்குபவரின் ஆண்டுச் சம்பளம் வங்கி விகிதத்தில் 6,000 டாலர்கூட வராது. வாங்கும் திறன் கணக்கில் ஒரு டாலருக்குச் சுமார் 20 ரூபாய்தான், அதனால் அதே சம்பளம் 24,000 டாலர் ஆகிவிடும். ஆள் அதே ஆள், பை அதே பை. நம் சம்பளத்தை ஒரு கணக்கிலும் அவர்கள் சம்பளத்தை இன்னொரு கணக்கிலும் வைத்து ஒப்பிட்டால் வருவது கணக்கல்ல, வயிற்றெரிச்சல்.

நாடு விட்டு நாடு எதற்கு? கோபாலபுரம் செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில், இடைநிலை ஆசிரியருக்குத் தொடக்க அடிப்படைச் சம்பளம் 20,600. இந்தப் பக்கம், கேரளத்தில், எல்.பி. (தொடக்கப் பள்ளி) டீச்சருக்கு 35,600. பார்த்தவுடன் மலைக்காதீர்கள். அங்கே 2016 விகிதம், அதற்குமேல் அகவிலைப்படி 50 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. இங்கே 2019 விகிதம், அப்போது பழைய அகவிலைப்படியை அடிப்படையிலேயே சேர்த்துவிட்டார்கள்.

அப்புறம், தயவுசெய்து இதையெல்லாம் பாருங்கள். இங்கிலாந்து விசாவுக்கு ஆள் ஒன்றுக்கு ஆண்டுக்கு 1,035 பவுண்டு சுகாதாரக் கட்டணம், விசா எத்தனை ஆண்டோ அத்தனைக்கும் முன்கூட்டியே. இந்திய ஆசிரியர்களுக்கு 2023-இல் அங்கே தகுதிச் சான்று வாங்க வழி திறந்தபோது கணிதம், அறிவியல், மொழிப் பாடங்களுக்குத்தான் திறந்தார்கள். உங்கள் பாடத்துக்கு உண்டா என்று கேளுங்கள். துபாய் என்றால் சம்பளத்துக்கு வரி இல்லை, ஓய்வூதியமும் இல்லை. வேலை முடிந்து வரும் பணிக்கொடை அடிப்படைச் சம்பளத்தை வைத்துத்தான். மொத்தத் தொகையைக் காட்டி மயக்குவார்கள், ஒப்பந்தத்தில் அடிப்படை எவ்வளவு என்று பாருங்கள். வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் பதிவு பெற்ற ஏஜென்ட் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம். அதற்குமேல் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

கேரளத்தில் வெளிநாட்டு வேலைக்குச் சம்பளமில்லா விடுப்பு உண்டு. முன்பு 20 ஆண்டு வரை இருந்தது, 2020-இல் 5 ஆண்டாகக் குறைத்தார்கள். ராஜினாமாக் கடிதத்துக்கு முன்னால் அந்த விண்ணப்பத்தை எழுதுங்கள், டீச்சர்.